கறுப்பு ஜவ்வரிசி

துரைக்கு மூக்கில் மூன்று துளை. இரண்டு எல்லாருக்கும் இருப்பவை. மூன்றாவது, அந்த இரண்டுக்கும் நடுவே இருக்கும் சுவரில், அவன் பார்த்த வேலை போட்டுக் கொடுத்தது. குரோமியத் தொட்டியின் ஆவியில் பத்து வருஷம் குனிந்து நின்றால் யாருக்கும் அது வந்து சேரும். திருவொற்றியூர் முலாம் பட்டறைகளில் புது ஆள் சேர்ந்தால், பழைய ஆட்கள் ஒரு நூலை எடுத்து இந்த நாசியில் விட்டு அந்த நாசியில் இழுத்துக் காட்டுவார்கள். துரையும் காட்டியிருக்கிறான். "ஆம்பளைக்கு வெளிய மூக்குத்தி குத்துனா நல்லா இருக்காதுன்னு ஆண்டவன் உள்ள குத்திட்டான்" என்பான். சிரிக்காமல் வேறு என்ன செய்வது? போன மூக்கு போனதுதான்.

காத்திவாக்கத்து மீனவர் வீட்டில் பிறந்தும் அவனுக்குக் கடல் ஒத்துவரவில்லை. பதினாறு வயதில் அப்பாவோடு கட்டுமரம் ஏறியவன், முதல் அலையைத் தாண்டுவதற்குள் குடலே வெளியே வந்துவிடும் போல வாந்தி எடுத்தான். மூன்று மாதம் பொறுத்துப் பார்த்தார்கள். பையன் ஏறினால் மீனுக்குத்தான் சாப்பாடு என்று ஊரே கேலி பேசியது. கடைசியில் அப்பாவே அவனைத் திருவொற்றியூருக்கு அழைத்துப் போய் ஜேக்கப் அண்ணாச்சியின் பட்டறையில் விட்டார். சைக்கிள் ஹாண்டில்பார், பைக் சைலன்சர், கதவுக் கைப்பிடி எல்லாவற்றுக்கும் பளபளவென்று குரோம் முலாம் போடுகிற இடம். தரை ஆடாமல் இருந்ததே துரைக்குப் போதுமானதாக இருந்தது. இருபது வருஷம் அங்கேயே ஓட்டிவிட்டான்.

அவன் மனைவி பூவம்மா அவனுக்கு நேர் எதிர். அவளுக்குத் தண்ணீர்தான் எல்லாம். எண்ணூர் உப்பங்கழியில், தண்ணீர் வற்றும் நேரம் பார்த்து இறங்கி, இடுப்பளவில் உட்கார்ந்தபடி நகர்ந்து நகர்ந்து, வெறும் கையால் சேற்றைத் துழாவி இறால் பிடிப்பாள். வலையும் கிடையாது, தூண்டிலும் கிடையாது. பிடித்ததைப் போட்டுக்கொள்ள ஓலையில் முடைந்த பறி ஒன்றுதான். இரண்டு கையும் சேற்றில் இருப்பதால், பறியின் விளிம்பைப் பற்களால் கடித்துக்கொண்டிருப்பாள். அந்தப் பக்கத்துப் பெண்கள் பத்துப் பேரும் அப்படித்தான். நாலைந்து மணி நேரம் ஒருத்தி வாயையும் திறக்க முடியாது.

"டெய்லி அஞ்சு மணி நேரம் பொண்டாட்டி வாயத் தொறக்க மாட்டா. எவனுக்குக் கெடைக்கும் இந்த வரம்?" என்று துரை பட்டறையில் பீற்றிக்கொள்வான்.

பூவம்மா விடுவாளா? "இந்தாளுக்கு மூக்கு இல்ல. அதனால தான் என் மேல அடிக்கிற இறா வாசனையோட குடும்பம் நடத்திக்கினு கீறாரு" என்பாள். பிள்ளைகள் இல்லை. அது ஒன்றைப் பற்றி மட்டும் இரண்டு பேரும் கேலி பேசிக்கொள்வதில்லை.

இரண்டாயிரத்து மூன்றாம் வருஷம், பெர்சிஸ் என்ற பெண் காத்திவாக்கத்துக்கு இறால் ஓடு வாங்க வந்தாள். இறால் அல்ல, ஓடு. உரித்துக் குப்பையில் எறிகிற சங்கதியைக் கோணிப்பையோடு வந்து ஒருத்தி கேட்கிறாள் என்றதும் பெண்களுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. நாகர்கோவில் பக்கத்தில் மளிகைக்கடை வைத்திருக்கும் குடும்பத்துப் பெண். பல்கலைக்கழகம் ஒன்றில் டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்கிறாள். ஓட்டை எதற்கு என்று பூவம்மா கேட்டதற்கு, அதிலிருந்து ஒரு கூழ் எடுத்து, பட்டறைக் கழிவுத் தண்ணீரைச் சுத்தம் செய்யப் போகிறேன் என்றாள். "எம் புருசன் வேலையே அந்தக் கழிவுத் தண்ணில தான்மா" என்று சொல்லி, பூவம்மாதான் அவளைத் துரையிடம் அனுப்பி வைத்தாள்.

அண்ணாச்சி அப்போது பேஜாரில் இருந்தார். முலாம் போட்ட சாமானைக் கழுவும் தண்ணீர் மஞ்சளாகச் சாக்கடைக்குப் போகிறது என்று அதிகாரிகள் நோட்டீஸ் கொடுத்திருந்தார்கள். அடுத்த தடவை மஞ்சள் தண்ணீரைக் கண்டால் சீல் வைப்போம் என்று அதில் எழுதியிருந்தது. ஆகவே பெர்சிஸ் ஒரு பிளாஸ்டிக் டப்பாவோடு வந்து நின்றபோது, விரட்டாமல் உட்காரச் சொன்னார்.

டப்பாவுக்குள் இருந்தது, ஊறவைத்த ஜவ்வரிசி மாதிரி, ஆனால் கன்னங்கரேல் என்று. அவள் அதற்குச் சொன்ன ஆங்கிலப் பெயர் பெரம்பூர் வரை நீண்டது. பட்டறைக்காரர்கள் அன்றைக்கே கறுப்பு ஜவ்வரிசி என்று பெயர் வைத்துவிட்டார்கள். இறால் ஓட்டைக் காய்ச்சிக் கரைத்து எடுத்த கூழ் அது. தண்ணீரைக் குடித்து உப்பும், ஆனால் கரையாது. அந்தக் கூழுக்குள் இரும்புத் துகளைக் கலந்திருந்தாள். ஒரு தலைமயிரின் தடிமனுக்குள் ஆயிரக்கணக்கில் அடுக்கி வைக்கலாம், அவ்வளவு பொடி. கூழ் விஷத்தைப் பிடிக்கும். உள்ளே இருக்கும் இரும்பைக் காந்தம் பிடிக்கும். விஷயம் அவ்வளவுதான்.

ஒரு வாளி மஞ்சள் தண்ணீரில் நாலு கரண்டி போட்டாள். துரையைக் கலக்கச் சொன்னாள். ஒரு மணி நேரம் கழித்து, பழைய ஒலிபெருக்கியிலிருந்து கழற்றிய காந்தம் ஒன்றை வாளியின் வெளிப்புறத்தில் வைத்தாள். உள்ளே மிதந்த கறுப்பெல்லாம் ஓடி வந்து அந்தப் பக்கச் சுவரில் அப்பிக்கொண்டது. மிச்சம் இருந்தது தெளிந்த தண்ணீர். குடிக்கலாம் போல இருந்தது.

"யாத்தே, ஊழியக்காரர் செஞ்ச அற்புதம் மாரில்லா இருக்கு" என்று அண்ணாச்சி கையைக் கட்டிக்கொண்டு நின்றார். சாத்தான்குளத்திலிருந்து வந்து முப்பது வருஷம் ஆகியும் அவர் பேச்சு ஊரை விட்டு வரவில்லை.

அதன்பின் ஆறு மாதம் துரைதான் அந்த வேலைக்குப் பொறுப்பு. எவ்வளவு போட வேண்டும், எவ்வளவு நேரம் கலக்க வேண்டும் எல்லாம் அவனுக்கு அத்துப்படி. பிடித்து நிறைந்துபோன கூழை மறுபடி உபயோகிக்க, அதைக் கழுவ வேண்டும். "உப்புத் தண்ணியில ஊறப் போட்டா, பிடிச்சதையெல்லாம் விட்டுரும் அண்ணே. அப்புறம் மறுபடியும் வேலைக்கு ஆகும்" என்று பெர்சிஸ் சொன்னாள். உப்பு வாங்குவானேன், வாசலிலேயே கடல் இருக்கும்போது? துரை தினமும் சைக்கிளில் இரண்டு கேன் கடல் தண்ணீர் கொண்டு வந்தான். கறுப்பு ஜவ்வரிசியை அதில் போட்டால், கொஞ்ச நேரத்தில் தண்ணீர் மஞ்சளாக மாறும். அந்த மஞ்சளை அவள் தனியாகச் சேர்த்து, கட்டியாக்கி, தன் ஆய்வகத்துக்கு எடுத்துப் போய்விடுவாள். நூறு தடவையாவது துரை அதைத் தன் கையால் செய்திருப்பான்.

காத்திருக்கிற நேரத்தில் அவள் கதை சொல்வாள். இந்தக் கூழுக்குள் புற்றுநோய் மருந்தை அடைத்து, உடம்புக்குள் செலுத்தி, கட்டி இருக்கிற இடத்துக்கு நேரே வெளியில் காந்தத்தை வைத்தால், மருந்து அங்கேயே போய் நிற்குமாம். மின்சாரத்தால் காந்தத்தை மாற்றி மாற்றித் துடிக்க வைத்தால், உள்ளே இருக்கும் இரும்பு சூடாகி, கட்டியைச் சுட்டே கொல்லுமாம். வெளிநாடுகளில் எலிக்குச் செய்து பார்த்திருக்கிறார்கள் என்றாள். புண்ணுக்கு மேல் போடவும், தேய்ந்த குருத்தெலும்பை வளர்க்கவும்கூட இதே மாதிரிக் கூழ்களை வைத்து முயன்றுகொண்டிருக்கிறார்களாம்.

துரை மூக்கைத் தடவிக்கொண்டே கேட்டான். "மூக்குல கீற ஓட்டைய அடைக்குமாமா?"

பெர்சிஸ் சிரிக்கவில்லை. அவன் மூக்கைப் பற்றி அவளுக்குத் தெரியும். "ஒரு நாள் அடைக்கும் அண்ணே. பத்து வருஷமோ, இருபது வருஷமோ."

"அப்ப எனக்கு வேணாம். எவனாச்சும் மூக்கு உள்ளவனுக்குப் பண்ணுங்க" என்றான். ஆனால் அன்று வீட்டுக்குப் போனதும் முதல் வேலையாகப் பூவம்மாவிடம் சொன்னான்: "நீ உரிச்சுப் போட்ட ஓட்டுல மருந்து பண்ணி மன்சன் உடம்புக்குள்ள உடப் போறாங்களாம்மே." தானே கண்டுபிடித்த மாதிரி அப்படி ஒரு பெருமை.

அந்தப் பெருமைதான் அவனைக் கெடுத்தது என்று நான் சொல்வேன். இறால் ஓட்டில் செய்தது, டாக்டர்கள் உடம்புக்குள்ளேயே விடப் போவது. அப்படிப்பட்ட பொருள் யாருக்கு என்ன கெடுதல் செய்யும் என்று அவன் மனதில் பதிந்துவிட்டது. கூழ் நல்லதுதான், யார் இல்லை என்றார்கள்? அது வயிற்றில் எதை வைத்துக்கொண்டிருக்கிறது என்பதல்லவா கேள்வி.

பெர்சிஸின் திட்டத்துக்கு வந்துகொண்டிருந்த நிதி அந்த வருஷத்தோடு நின்றது. ஆய்வேட்டை எழுத உட்கார்ந்துவிட்டாள். போகும்போது நிறையக் கூழ் செய்து வைத்துவிட்டு, கழுவுவதை மட்டும் விட்டுவிடாதீர்கள் என்று படித்துப் படித்துச் சொன்னாள். அதிகாரிகள் வந்து பார்த்தார்கள், தண்ணீர் தெளிவாக இருந்தது, திருப்தியாகப் போனார்கள். வேலை முடிந்ததும் அண்ணாச்சிக்குக் கழுவுவது வெட்டி வேலையாகத் தோன்றிவிட்டது.

"கழுவினா மறுபடி மஞ்சத் தண்ணி வரும். அத எங்கல கொண்டு ஊத்த? அந்தப் பிள்ளையும் வாரதில்ல. புதுக்கூழு இருக்குத வர அத போட்டு ஓட்டு" என்றார்.

அப்படியே ஓட்டினார்கள். விஷம் குடித்து நிறைந்த கூழ் ஆறு நீலக் கேன்களில் பட்டறையின் பின்பக்கம் சேர்ந்தது. இந்த மாதிரிக் கழிவைப் புதைப்பதற்கென்று ஓர் இடம் கட்டப் போகிறார்கள், வரும், வரும் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். அது வருவதற்கு முன்னால் அதிகாரிகளின் அடுத்த சோதனை வந்துவிட்டது. மாசி மாதம், ஒரு வியாழக்கிழமை, அண்ணாச்சி துரையைக் கூப்பிட்டார்.

"ஏல துரை, திங்கக்கிழமை வாராங்களாம். அந்தக் கேனு ஒண்ணுகூட இங்க கெடக்கக் கூடாது. எங்கயாவது எடுத்துட்டுப் போயிரு."

"எங்க அண்ணாச்சி?"

"எங்கயாவதுன்னா எங்கயாவதுதான். நான் என்ன அட்ரஸா எழுதித் தர முடியும்?"

வேறொருவனாக இருந்தால் சாக்கடையில் கவிழ்த்துவிட்டுப் போயிருப்பான். பல பட்டறைகளில் நடப்பதுதான். துரைக்கு மனம் வரவில்லை. பெர்சிஸ் மேடம் சொன்னது காதில் இருந்தது. அவனுக்கு ஒரு யோசனை வந்தது, காத்திவாக்கத்தில் பிறந்தவனுக்கு மட்டுமே வரக்கூடிய யோசனை. பத்து கூடை கூனி இறாலை வெயிலில் காய வைத்தால் ஒரு கூடை ஆகும். கூழிலும் முக்கால்வாசிக்கு மேல் தண்ணீர்தானே? காய வைத்தால் ஆறு கேனும் ஒரே ஒரு கோணியில் அடங்கிவிடும். வாயைத் தைத்து வீட்டில் வைத்துக்கொண்டால், புதைக்கிற இடம் கட்டி முடித்ததும் கொண்டு போய்க் கொடுத்துவிடலாம். இதில் என்ன தப்பு இருக்கிறது? எனக்கும் தெரியவில்லை. நல்லவன் செய்கிற தப்பு இப்படித்தான் இருக்கும் போலிருக்கிறது.

மீன்பாடி வண்டியில் ஆறு கேனையும் ஏற்றி மிதித்துக்கொண்டு வந்து, கழியோரம் ஊரார் கூனி காய வைக்கும் திடலில், தார்ப்பாய் விரித்துப் பரப்பினான். அந்தத் திடலுக்குத் தண்ணீர் வராது. பௌர்ணமி ஏற்றத்துக்குத் தண்ணீர் எதுவரை வரும் என்பது ஊரில் நடக்கத் தெரிந்த குழந்தைக்கும் தெரியும். திடலுக்குப் பத்தடி முன்னால் நிற்கிற பாறாங்கல் வரைதான்.

"இன்னாய்யா இது, கருவாட்டுக்கு நடுவுல?" என்று பூவம்மா கேட்டாள்.

"உன் இறா ஓடு தாம்மே. சுத்திட்டு வந்துகீது."

இரண்டு நாள் வெயிலில் கூழ் சுருங்கிச் சுருங்கிக் கடுகாக வந்தது. சனிக்கிழமை காலை, இன்றைக்குப் பொழுதுசாய அள்ளிக் கட்டிவிடலாம் என்று பார்த்துவிட்டுத்தான் துரை வேலைக்குப் போனான்.

ஆனால் அந்த வாரம் கழியின் முகத்துவாரத்தில் இயந்திரம் வைத்து மணல் வாரியிருந்தார்கள். ஒரு வருஷமாக மணல் அடைத்துக் கிடந்த வாய் அகலத் திறந்திருந்தது. அன்று பௌர்ணமி. கடல், திறந்த கதவைக் கண்ட விருந்தாளி மாதிரி உள்ளே வந்தது. பாறாங்கல்லை மூடியது. திடல்மேல் ஏறியது. கரையிலிருந்த பெண்கள் ஓடிப் போய்க் கூனிப் பாய்களைச் சுருட்டித் தலையில் தூக்கிக்கொண்டு வந்தார்கள். பூவம்மா எண்ணூர் மார்க்கெட்டில் இருந்தாள். கறுப்புப் பொடி என்னவென்று மற்றவர்களுக்குத் தெரியாது. யாரோ குப்பை கொட்டியிருக்கிறார்கள் என்று விட்டுவிட்டார்கள்.

துரை சைக்கிளை நிறுத்தியபோது, திடல் இருந்த இடத்தில் முழங்கால் தண்ணீர் இருந்தது. தார்ப்பாய் தூரத்தில் மிதந்துகொண்டிருந்தது. அவன் செருப்போடு இறங்கி நடந்தான். நிறைந்த கூழ் உப்புத் தண்ணீரில் விழுந்தால் என்ன செய்யும் என்று உலகத்தில் யாருக்குத் தெரியாவிட்டாலும் அவனுக்குத் தெரியும். தினமும் கேனில் கடல் தண்ணீர் கொண்டு வந்து கொடுத்தவன் அவன். பிடித்ததையெல்லாம் விட்டுவிடும். எங்கே விடும்? பூவம்மா உட்கார்ந்து நகர்கிற சேற்றில் விடும். அவன் நடுத் தண்ணீரில் நின்றபடி தலையில் அடித்துக்கொண்டான்.

அன்றே பூவம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னான். மறுநாள் ஆற்றில் இறங்காதே என்றான். அவர்கள் கழியை ஆறு என்றுதான் சொல்வார்கள்.

"எறங்காம? எத்தினி நாளைக்கு?"

துரை எழுந்து வெளியே போனான். மற்றப் பெண்களிடமும் போய்ச் சொன்னான். அவர்கள் வாய்விட்டுச் சிரித்தார்கள். பூவம்மாவின் சித்தி கெங்கம்மாதான் எல்லாருக்கும் சேர்த்துப் பதில் சொன்னாள். "ஏம்பா, இந்த ஆத்துல சாம்பலு வருது, எண்ண வருது, சுடுதண்ணி வருது. ஊருக் கலீஜு அத்தினியும் வருது. அதுல உன் ஒரு மூட்ட தான் எங்களக் கொல்லப் போவுதா?"

பட்டறையிலிருந்து ரப்பர் கையுறை பத்து ஜோடி எடுத்துக்கொண்டு வந்து கொடுத்தான். பூவம்மா அவன் மனதுக்காக ஒரு நாள் போட்டுக்கொண்டு இறங்கினாள். ஒரு மணி நேரத்தில் ஏறிவிட்டாள். பறியில் ஒரே ஒரு இறால்தான் கிடந்தது. "எங்களுக்குக் கண்ணு கைல கீதுய்யா. அதுக்குத் துணி கட்டுனா எப்புடி?" என்று கையுறையைக் கழற்றி வேலியில் மாட்டினாள்.

பெர்சிஸுக்குப் போன் செய்தான். அவள் ஆட்டோ பிடித்து ஓடி வந்தாள். கழியில் ஏழு இடத்தில் தண்ணீரும் சேறும் எடுத்துக்கொண்டு போனாள். பத்து நாள் கழித்து வந்தபோது அவள் முகம் செத்துப் போயிருந்தது.

"ஏழு இடத்துலயும் குரோமியம் இருக்கு அண்ணே. உங்க திடல் பக்கத்துல கொஞ்சம் அதிகமாத்தான் இருக்கு. ஆனா தண்ணி ஏறாத மேல் பக்கத்துலயும் இருக்கு. எது உங்களோடது, எது ஏற்கெனவே இருந்ததுன்னு என்னால பிரிக்க முடியல."

"அப்ப இன்னா பண்றதும்மா?"

"தெரியல." சொல்லிவிட்டு அவள் அழுதாள். "நான் எழுதின நூத்தி எண்பது பக்கத்துல, கடைசியில இந்தக் கூழை எங்க போடுறதுன்னு ஒரு பக்கம்கூட இல்ல அண்ணே. யாரும் கேக்கவும் இல்ல." படித்த பெண் அழுவதைப் பார்த்ததும் துரைக்குக் கை கால் ஓடவில்லை. கடைசியில் அவன்தான் அவளைத் தேற்றி, டீ வாங்கிக் கொடுத்து, ஆட்டோ ஏற்றிவிட வேண்டியிருந்தது.

அதிகாரிகளிடமே போய்ச் சொல்லிவிடுவது என்று ஒரு நாள் லீவு போட்டான். அண்ணாச்சிக்கு எப்படியோ தெரிந்துவிட்டது. அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் துரை போயிருப்பான். "போய்ச் சொல்லு துரை. ஒங்கிட்ட எடுத்துட்டுப் போன்னு சொன்னவன் நாந்தான், எம்மேல தப்புதான். நாளைக்கே சீல் வச்சிருவாங்க. பட்டறையில ஒன்னையும் சேத்துப் பதினோரு குடும்பம். பூட்டிட்டா ஆத்துல கெடக்குதது திரும்பி வந்துருமா? அதுக்கு மட்டும் பதில் சொல்லிட்டுப் போ" என்றார். துரை அந்த அலுவலகத்தின் வாசல்வரை போனான். எதிர்த்த டீக்கடை பெஞ்சில் மத்தியானம் வரை உட்கார்ந்திருந்தான். பிறகு எழுந்து வீட்டுக்கு வந்துவிட்டான். கோழை என்று சொல்கிறவர்கள் சொல்லிக்கொள்ளலாம். மற்றப் பத்துப் பேரின் பெயரும், அவர்கள் பிள்ளைகளின் பெயரும் அவனுக்குத் தெரியும்.

கடைசியில் காந்தத்தை எடுத்தான். கயிற்றில் கட்டி, வேலை முடிந்து வந்ததும் கழியில் இறங்கி, சேற்றில் போட்டு இழுத்துக்கொண்டே நடப்பான். கடலில் வாந்தி எடுத்தவன், இடுப்புத் தண்ணீரில் பழியாகக் கிடந்தான். காந்தம் ஒவ்வொரு தடவையும் கரடிக்குட்டி மாதிரி கறுப்பு மயிர் முளைத்துக்கொண்டு வெளியே வந்தது. முதல் நாள் அதைக் கண்டு துள்ளிக் குதித்தான். வீட்டுக்குக் கொண்டு வந்து ஒரு டம்ளர் நல்ல தண்ணீரில் போட்டான். தன்னுடையதானால் ஊறி உப்ப வேண்டும். உப்பவில்லை. அது அனல்மின் நிலையத்துச் சாம்பல், அதிலும் இரும்பு உண்டு. மறுநாள் வந்தது துரு. அதற்கு மறுநாள் எங்கோ கப்பலில் ஏற்றுகிற இரும்புத் தாதின் தூள். இத்தனை வருஷம் யார் யாரோ கொட்டிய இரும்பெல்லாம் அவன் காந்தத்தில் ஏறி வந்தது. பத்து டம்ளர் வைத்தால் ஒன்றில் நாலு மணிகள் உப்பும். அந்த நாலை விரலில் எடுத்துப் பூவம்மாவிடம் காட்டுவான்.

"பாரும்மே, இது தான். விட்டது போவ இன்னும் மிச்ச விசம் உள்ள கீது, இத்த மட்டும் வெளிய எடுத்துட்டா போதும்."

பூவம்மா அதை வாங்கி இரண்டு விரலுக்கு நடுவே உருட்டிப் பார்ப்பாள். வழுக்கும், அமுக்கினால் அமுங்கி மறுபடி எழும். தூக்கிப் போடு என்று அவன் கத்துவான். போடுவாள்.

ஒரு மாதம் இப்படிப் போனது. சோறு இறங்கவில்லை. ஆள் பாதியாகிவிட்டான். பட்டறையில் கவனம் தப்பி ஒரு முழுத் தட்டு ஹாண்டில்பார்களைக் கறுக்க விட்டான். புருஷன் கண் முன்னால் கரைவதைப் பார்த்துக்கொண்டு எந்தப் பெண் சும்மா இருப்பாள்?

பங்குனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. தண்ணீர் நன்றாக வற்றியிருந்தது. துரை கரையில் உட்கார்ந்து காந்தத்தின் கயிற்றைச் சரிசெய்துகொண்டிருந்தான். தூரத்தில் பெண்கள் பத்துப் பேரும் வரிசையாக எழுந்து, சேற்றில் கால் புதையப் புதைய அவனை நோக்கி வந்தார்கள். இறால் பிடித்து முடித்தால் மேற்குக் கரையில்தான் ஏறுவார்கள். இன்றைக்கு என்ன இந்தப் பக்கம் என்று பார்த்தான். எல்லார் வாயிலும் பறி இருந்தது. பூவம்மா முன்னால் வந்தாள். பேச முடியாமல், பறியைப் பற்களில் கடித்தபடியே, கண்ணால் சிரித்தாள். வாங்கிக்கொள் என்று முகத்தை அவன் பக்கம் நீட்டினாள்.

அவன் வாங்கினான். பறியில் இறால் இல்லை. அடிமுதல் விளிம்புவரை கறுப்பு ஜவ்வரிசி, ஈரமாக, பளபளவென்று.

"உன் காந்தம் மேலயே மேஞ்சிக்கினு கீதுய்யா" என்றாள் பூவம்மா. நாலு மணி நேரம் மூடியிருந்த வாய், பேச்சு வேகமாக வந்தது. "இது சேத்துக்குள்ள எறங்கிட்சி. கைக்குத் தான் ஆப்டும். திடலுக்குக் கீழ அந்தப் பள்ளத்துல அப்புடியே கெடக்குது. நான் ஒருத்தி எத்தினி எடுக்க முடியும்? இவங்களுக்கும் தொட்டுக் காமிச்சேன். காலைலேந்து எவளும் ஒரு இறா புடிக்கல தெரியுமா, உனக்கோசரம் தான்." அவள் உதட்டின் ஓரத்தில், பறியிலிருந்து வழிந்த தண்ணீர் இன்னும் காயவில்லை. பின்னால் கெங்கம்மா தன் பறியை வாயிலிருந்து எடுத்து, "எடுத்தாச்சுப்பா. இனிமேலாவது சோறு துன்னு" என்றாள்.

ஒரு மாதம் காந்தம் போட்டு அவன் எடுத்தது ஒரு பிடி. இவர்கள் ஒரே காலையில் பத்துப் பறி எடுத்திருந்தார்கள். கூழ் தான் குடித்த விஷத்தை எந்தச் சேற்றில் விட்டதோ, எந்தச் சேற்றில் அவர்கள் கை படக்கூடாது என்று அவன் தவித்தானோ, அதையே அவனுக்காக வெறும் கையால் துழாவி, வாயில் கடித்துக்கொண்டு வந்திருக்கிறார்கள். கத்த வேண்டும் என்று வாயைத் திறந்தான். பத்து முகமும் அவன் என்ன சொல்லப் போகிறான் என்று ஆசையோடு பார்த்தன. பறியைக் கீழே வைத்தான்.

வீட்டுக்கு ஓடினான். நாலு நாளைக்கு ஒரு தடவை வருகிற லாரித் தண்ணீர் இரண்டு குடம் இருந்தது. இரண்டையும் தூக்கிக்கொண்டு வந்தான். சோப்பை எடுத்து ஒவ்வொருத்தியாக உட்கார வைத்து, கையை நீட்டச் சொல்லி, நகத்துக்கு இடையில், விரல் சந்தில், மணிக்கட்டுவரை தேய்த்துத் தேய்த்துக் கழுவினான். வாயைக் கொப்பளிக்கச் சொன்னான். "மாப்பிள்ளை வூட்டுப் பந்தியாட்டம் கவனிக்கிறாரு" என்று ஒருத்தி சொல்ல, மற்றவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். "குடிக்கிற தண்ணிய இப்புடி ஊத்துறியேப்பா" என்று கெங்கம்மா பதறினாள். அவன் காதில் வாங்கவில்லை. இருபது வருஷம் தினமும் இப்படித்தான் அவனும் கழுவிக்கொண்டு வீட்டுக்கு வந்திருக்கிறான்.

பூவம்மாவின் கையைக் கடைசியாக எடுத்தான். அவன் கண்ணில் நீர் வழிவதைப் பார்த்து, சந்தோஷத்தில் அழுகிறான் என்று நினைத்துக்கொண்டாள்.

"அழுவாதய்யா. நாளைக்கி நீ நிம்மதியா வேலைக்குப் போ. மிச்சத்த நாங்க எடுத்துர்றோம்" என்றாள்.